காக்கும் தொழிலும் கொதிகலன் குழாயும்

கெடா மாநிலத்தில், கூலிமிலிருந்து சுங்கைப்பட்டாணி வரையிலும், பீடோங்கிலிருந்து பாலிங் வரையிலும், நம்மவர் உழைக்க வந்து நிலைத்த தோட்டங்களிலும் ஆலைகளிலும், ஆயுத பூஜை வீட்டின் பூஜை அறையோடு நின்றுவிடுவதில்லை. பால்வெட்டுக் கத்தியும் மண்வெட்டியும், லாரியும் டிராக்டரும், ரப்பர் உருட்டும் யந்திரமும், செம்பனை எண்ணெய் ஆலையின் கொதிகலனும் ஒருங்கே வணக்கத்துக்குரியனவாக எண்ணப்பட்டு, துடைக்கப்பட்டு, திருநீறும் சந்தனமும் குங்குமமும் இடப்பட்டுக் கற்பூர ஆரத்தி பெறுவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். யந்திரத்தை வணங்குவது அறிவுக்குப் பொருந்துமா என்று ஐயுறுவோர் உண்டு. எங்கும் நிறைந்த சக்தி நெருப்பிலும் நீரிலும் இரும்பிலும் இல்லாமற் போய்விடாது என்னும் ஒரே விடை அவர்களுக்குப் போதும். அதனினும் கடினமான கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பூஜையில் நாம் வணங்குவது யந்திரத்தைப் படைத்த தொழிலையா, அதை நாள்தோறும் காத்துவரும் தொழிலையா? காவாமல் விட்டதனால் ஒரு கேடு விளையுமாயின், அதை ஊழ் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா?

இந்த இரு கேள்விகளும் பிரிக்க முடியாதவை என்பது என் அபிப்பிராயம். அதை விளக்குவதற்குப் பெரிய பெரிய தத்துவப் பொருள்களை விட்டு, கொதிகலனுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் குழாயையே எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால், படைத்தலுக்கும் காத்தலுக்கும் இடையே உள்ள உறவை இவ்வளவு பிரத்தியட்சமாகக் காட்டும் பொருள் வேறொன்று எனக்குத் தென்படவில்லை.

கொதிகலன் குழாய் இருவகைப்படும். ரயில் இஞ்சினில் குழாயின் உள்ளே தீயின் வெப்பக் காற்று ஓடும், வெளியே நீர் சூழ்ந்து நிற்கும். பெரிய ஆலைகளின் கொதிகலனிலோ குழாயின் உள்ளே நீர் ஓடும், வெளியே தீ சூழ்ந்து நிற்கும். எவ்வகையாயினும் தீக்கும் நீருக்கும் நடுவே நிற்பது சில மில்லிமீட்டர் கனமுள்ள ஓர் உலோகச் சுவரே. இன்றைய செம்பனை ஆலையில், பிழிந்த பழத்தின் நாரையும் ஓட்டையும் எரித்து, காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப்போல் இருபது மடங்கு அழுத்தமுள்ள நீராவியை உண்டாக்கும்போது, உள்ளே நீர் சுமார் 212 டிகிரி செல்சியஸில் கொதித்துக்கொண்டிருக்கிறது. வெளியே உலையிலோ வெப்பம் ஆயிரம் டிகிரியை ஒட்டி எழுகிறது. அவ்வளவு வெப்பத்தின் நடுவிலும் குழாய் உருகாமலும் தளராமலும் நிற்பதற்கு அதன் உறுதி மட்டும் காரணமன்று. உள்ளே ஓடும் நீர் இடைவிடாமல் அதன் வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருப்பதுதான் முதற் காரணம். அந்த நீருக்கும் உலோகத்துக்கும் இடையே ஏதேனும் ஒன்று படிந்துவிட்டால் குழாயின் ஆயுள் அன்றே குறையத் தொடங்கிவிடும்.

இந்தக் குழாயைச் செய்யக் கற்றுக்கொள்வதற்கு மனித குலம் பட்ட பாடு சிறிதன்று. இங்கிலாந்தில் விளக்கெரிக்கும் வாயுவைக் கொண்டுசெல்லத் தொடக்க நாட்களில் குழாய் கிடைக்காமல், நெப்போலியனோடு நடந்த போர் முடிந்தபின் மிஞ்சிய பழைய துப்பாக்கிக் குழல்களை ஒன்றோடொன்று இணைத்துப் பயன்படுத்தினார்கள். இரும்புத் தகட்டை வளைத்து, காய்ச்சி, விளிம்புகளைச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சிறு சிறு துண்டுகளாகவே கொல்லர்கள் குழாய் செய்த காலம் அது. 1825-இல் வெட்னெஸ்பரி என்னும் ஊரைச் சேர்ந்த கார்னீலியஸ் வைட்ஹவுஸ் என்ற தொழிலாளி, விளிம்புகள் மடக்கப்பட்ட நீண்ட இரும்புப் பட்டையை ஒட்டும் பதத்துக்குக் காய்ச்சி, ஒரு துளையின் வழியே ஒரே இழுப்பில் இழுத்து, விளிம்புகள் தாமே நெருங்கி ஒட்டிக்கொள்ளும்படி செய்யும் உபாயத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வுரிமை விரைவில் அவருடைய முதலாளியான ஜேம்ஸ் ரஸ்ஸலின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. கண்டவன் ஒருவன், கொண்டவன் ஒருவன் என்பது தொழில் உலகத்தின் பழைய கதைதானே. விளிம்போடு விளிம்பு ஒட்டிய அக்குழாய் உயர்ந்த அழுத்தத்துக்கு ஈடு கொடாததால், விளிம்பின்மேல் விளிம்பைப் படியவைத்து ஒட்டும் முறை பின்னர்க் கொதிகலன்களுக்கு வந்தது. 1885-இல் ஜெர்மனியின் ரெம்ஷைட் நகரத்து மான்னஸ்மான் சகோதரர்கள் தையலே இல்லாத குழாயைச் செய்து காட்டியது இவ்வரிசையின் சிகரம்: சற்றே சாய்வாக வைக்கப்பட்ட இரண்டு உருளைகளுக்கிடையே காய்ச்சிய கெட்டி இரும்புத் தண்டைச் சுழலவிட்டால், அதன் நடுப்பகுதி தானே பிளவுபட்டுக் குழிகிறது, அந்தக் குழிவைக் கூர்முனைத் தண்டொன்று நேர்ப்படுத்திக்கொடுக்க, துண்டு துண்டாக ஒட்டாத ஒரே உடலாகக் குழாய் பிறந்துவிடுகிறது.

இந்த வரலாற்றைப் படித்துவிட்டு, குழாய் என்பது மேலை நாட்டார் நமக்குக் கற்றுக்கொடுத்த பொருள் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். சுங்கைப்பட்டாணிக்கு அருகே, மெர்போக் ஆற்றுப் படுகையைச் சார்ந்த சுங்கை பத்து என்னுமிடத்தில் 2009 முதல் நடந்த அகழாய்வில், கிறிஸ்து சகாப்தத்தின் தொடக்க நூற்றாண்டுகளிலேயே இரும்பு உருக்கிய உலைகளும், அவ்வுலைகளுக்குக் காற்றூதிய சுடுமண் குழல்களும் திரள் திரளாகக் கிடைத்தன. சோழப் பேரரசன் இராஜேந்திரனின் கப்பற்படை 1025-இல் வந்து தாக்கிய கடாரம் இந்தப் பகுதியே என்று வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். அந்தப் படை வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னமே தீயையும் காற்றையும் இரும்பையும் ஒரு குழாயின் துணைகொண்டு சேர்த்துவைத்த கைகள் இந்த மண்ணில் இருந்திருக்கின்றன. உலையின் கடும் வெப்பத்தில் வெந்தும் கசடு படிந்தும் அந்த மண் குழல்கள் அடிக்கடி கெட்டுப்போயிருக்க வேண்டும். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்த கைகளும் அங்கே இருந்திருக்கவே வேண்டும். செய்தவன், காத்தவன் ஆகிய இருவரின் பெயரும் நமக்கு வந்துசேரவில்லை.

ஆனால் நான் சொல்லவந்தது குழாயின் பிறப்பைப் பற்றி மட்டுமன்று. 1829-இல் ரெயின்ஹில் பந்தயத்தில் வென்ற ஸ்டீபன்சனின் ‘ராக்கெட்’ இஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஒரே பெரிய தீக்குழலுக்குப் பதிலாக 25 செப்புக் குழாய்களைக் கொதிகலனுக்குள் வைத்தால் தீயும் நீரும் சந்திக்கும் பரப்பு பன்மடங்காகும் என்னும் யோசனையைச் சொன்னவர் ஹென்றி பூத். பிரான்சில் மார்க் செகுவன் தனியே அதே முடிவுக்கு வந்திருந்தார். யோசனை அழகானது, குழாய்களும் ஆயத்தம். எனினும் முதற் சோதனையில் குழாய்களின் முனைகள் தகட்டில் பொருந்திய இடங்களிலெல்லாம் நீர் பீறிட்டது. ராபர்ட் ஸ்டீபன்சன் மனமுடைந்து தந்தைக்குக் கடிதம் எழுதினார் என்றும், துளைகளைத் துல்லியமாகக் குடைந்து குழாய்களை இறுகச் செருகிய பின்னரே கசிவு நின்றதென்றும் வரலாறு சொல்கிறது. குழாயைச் செய்வது ஒரு வித்தை. அதை அதன் இடத்தில் நிலைநிறுத்துவது வேறொரு வித்தை. சிருஷ்டியின் மறுநொடியே ஸ்திதி தொடங்கிவிடுகிறது என்று சொன்னால் மிகையாகாது.

அந்த இரண்டாம் வித்தைக்காகவே தனிக் கருவிகள் பிறந்தன. நியூயார்க்கில் தொழில் நடத்திய தாமஸ் பிராஸரும் ரிச்சர்ட் டட்ஜனும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவாக்கிய ‘எக்ஸ்பாண்டர்’ என்னும் கருவிகளின் வழி வந்தவற்றையே இன்றும் நம் ஆலைகளில் பழுது பார்ப்போர் கையாள்கின்றனர். டட்ஜனின் முறையில், நுனி சிறுத்து அடி பருத்த தண்டைச் சுற்றி மூன்று சிறிய உருளைகள் அமைந்திருக்கும். குழாயின் வாய்க்குள் செலுத்தித் தண்டைத் திருகத் திருக, உருளைகள் மெல்ல விரிந்து, குழாயின் முனையை உள்ளிருந்தே அழுத்தித் தகட்டோடு ஒன்றாக்கிவிடும். கசிந்த குழாயை மீண்டும் இறுக்கவும், தேய்ந்ததை வெட்டியெடுத்துப் புதியதைப் பொருத்தவும் இக்கருவியே துணை. புகைக்கரியைத் தேய்த்தெடுக்க நீண்ட கம்பி பிரஷ்களும் சுரண்டிகளும், பின்னர் நீராவியைப் பீய்ச்சிக் கரியை ஊதும் குழல்களும் வந்தன. குழாயின் உட்புறத்தில் ஓடாகப் படியும் சுண்ணப் படிவைச் செதுக்கியெடுக்க, நீரின் விசையால் சுழலும் சிறு வெட்டுச் சக்கரங்கள் வந்தன. அதற்கெல்லாம் முன்னர், படிவு ஒட்டாதிருக்க உருளைக்கிழங்கைக் கொதிகலனுக்குள் போட்டுவைத்த காலமும் உண்டு. காத்தல் என்பது ஒருமுறை செய்து முடிக்கும் காரியமன்று என்பதை இக்கருவிகளின் பெருக்கமே காட்டுகிறது. காக்கும் கடவுளைத் திருமாலாகக் கண்ட நம் முன்னோர், அவரை ஒரே அவதாரத்தோடு நிறுத்திவைக்கவில்லை என்பதை இங்கே நினைவுகூரலாம்.

காவாமல் விட்டால் நேர்வது யாது? படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. நீர் வாங்கிக்கொள்ள வேண்டிய வெப்பம் உலோகத்திலேயே தங்க, இரும்பு சிவந்து, தளர்ந்து, அழுத்தத்துக்கு வளைந்துகொடுத்து, புடைத்து, ஒருநாள் வெடிக்கிறது. 1865 ஏப்ரல் 27-ஆம் நாள் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில், உள்நாட்டுப் போர் முடிந்து வீடு திரும்பும் சிப்பாய்களை அளவுக்கு மீறி ஏற்றிச்சென்ற ‘சுல்தானா’ என்னும் நீராவிக் கப்பலின் கொதிகலன்கள் வெடித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தீயிலும் நீரிலும் மாண்டனர். அக்கொதிகலன்கள் நெருக்கமாகக் குழாய்கள் வைத்த வகையைச் சேர்ந்தவை. ஆற்றின் சேற்று நீர் அக்குழாய்களிடையே படியும், சுத்தம் செய்வதும் எளிதன்று. போதாக்குறைக்கு, பயணத்தின் இடையில் கசிவு கண்டபோது, முறையாகப் பழுதுபார்க்க நாள் பிடிக்கும் என்று மெல்லிய தகடொன்றை ஒட்டுப்போட்டுவிட்டுப் புறப்பட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் கொதிகலன் வெடிப்பைத் தெய்வச் செயல் என்றும் புரியாத மர்மம் என்றும் பேசுவோர் பலர். மான்செஸ்டரில் வில்லியம் பேர்பேர்ன் போன்றோர், குழல்கள் எந்த அழுத்தத்தில் எவ்வாறு நசுங்குகின்றன என்று 1850-களில் பொறுமையாகச் சோதித்து அளந்து காட்டியதோடு, கொதிகலன்களைக் கிரமமாகப் பரிசோதிக்கும் சங்கத்தையும் தோற்றுவித்த பின்னரே, மர்மம் என்ற சொல் மெல்ல விலகிக் கவனக்குறைவு என்ற சொல் அதன் இடத்துக்கு வந்தது. மலாயாவில் சிலாங்கூர் 1892-இலேயே கொதிகலனுக்கென்று சட்டம் செய்தது. பின்னாளில் 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம், தகுதிச் சான்றிதழ் இல்லாமல் எந்தக் கொதிகலனும் இயங்கக்கூடாதென்று விதித்தது.

விபத்துக்குக் காரணம் இன்னதென்று இப்படிப் பௌதிகம் காட்டிவிட்ட பிறகு ஊழுக்கு என்ன வேலை என்று ஒருவர் கேட்கலாம். நான் ஊழை மறுப்பவன் அல்லன். வினைக் கொள்கையை முழு மனத்தோடு ஏற்பவன் என்ற நிலையிலிருந்தே இதை எழுதுகிறேன். ஆகவே எனக்கு எதிரே நிற்கும் சங்கடம் உண்மையானது. உலையின் முன்னே நின்று வெந்து மாண்டவன் ஒரு தொழிலாளி. படிவை அகற்ற ஒருநாள் ஆலையை நிறுத்த மனமில்லாதிருந்தவன் வேறொருவன். அவரவர் வினையின் பயனை அவரவரே நுகர்வர் என்பது நம் சமயங்கள் ஏறக்குறைய ஒருமுகமாகச் சொல்லும் கொள்கை. அப்படியானால் மாண்டவன் தன் பழவினையை நுகர்ந்தான் என்று ஆகிவிடும். நாளைக் கொடாதவன் அவ்வினைக்கு வெறும் கருவியாய் நின்றான் என்று தப்பித்துக்கொள்வான். நம் தோட்டங்களில் இழவு வீட்டுத் திண்ணைகளில் “எல்லாம் அவன் தலையெழுத்து” என்ற சொல் எழும்போது, அது துக்கத்தை ஆற்றுவதோடு நில்லாமல், அலட்சியம் செய்தவனையும் சேர்த்து மன்னித்துவிடுகிறதே என்னும் வேதனை எனக்கு நெடுநாளாக உண்டு.

இதற்குச் சித்தாந்தமே விடை தருகிறது. வினையைச் சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம் என்று மூன்றாக வகுத்த ஆசிரியர்கள், ஒருவன் நுகரும் பழவினையையும், இன்னொருவன் புதிதாக ஈட்டும் வினையையும் ஒன்றோடொன்று கழித்துக்கொள்ளும் கணக்காக வைக்கவில்லை. மாண்டவனுக்கு அது பிராரப்தமாயினும் ஆகுக. காவாமல் விட்டவனுக்கு அது ஆகாமியம், அன்று புதிதாகச் செய்த பாவம். முன்னது பின்னதை ஒரு குன்றிமணியளவும் குறைக்காது. இன்னும் ஒரு படி மேலே சென்று சொல்வேன்: ஊழ் என்பது துன்புற்றவன் தன் நெஞ்சுக்குத் தானே சொல்லிக்கொள்ள உரிய சொல். அவனைத் துன்பத்துக்கு ஆளாக்கியவன் வாயில் அச்சொல் வருமானால், அது சமயமன்று, சமயத்தின் பெயரால் செய்யும் களவு. ஊழின் வலிமையைச் சொல்லி அறத்துப்பாலை நிறைவு செய்த வள்ளுவர், பொருட்பாலில் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரத்தையும் ஆள்வினையுடைமை என்று மற்றோர் அதிகாரத்தையும் வைத்தார். ஊழை நம்பியவனுக்கு மறதி மன்னிக்கப்படும் என்று அவர் கருதியிருந்தால் அந்த இரு அதிகாரங்களுக்கும் இடமே இருந்திராது.

மற்றொரு நுட்பத்தையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். உலகத்துக்கு ஒரு கர்த்தா உண்டென்று நிறுவ நம் தத்துவ நூல்கள் காலங்காலமாகக் காட்டிவரும் உதாரணம் குடம்: மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். மிகவும் பொருத்தமான உதாரணம்தான். ஆனால் குடம் வனைந்தபின் குயவனைத் தேடாது. உடையும்வரை தானே இருக்கும். கொதிகலன் குழாயோ அப்படியன்று. வைட்ஹவுஸும் மான்னஸ்மானும் செய்து கொடுத்துவிட்டுப் போன பிறகு, அதைப் பார்த்துப் பார்த்துக் காக்கும் ஒரு கை இல்லாமல் அது ஓராண்டும் நிலைக்காது. குடத்தை நினைத்துக்கொண்டு இறைவனைச் சிந்திப்பவனுக்கு அவன் படைத்தவனாகவே முதலில் தோன்றுவான். குழாயை நினைத்துக்கொண்டு சிந்திப்பவனுக்கோ அவன் ஒவ்வொரு கணமும் தாங்கி நிற்பவனாகத் தோன்றுவான். ஐந்தொழிலில் காத்தலைப் படைத்தலுக்கு அடுத்து எண்ணியது வரிசைக்காகவேயன்றித் தரத்துக்காக அன்று என்பதை யந்திர யுகமே நமக்கு நன்கு உணர்த்தவல்லது என்று நான் நம்புகிறேன். செம்பில் களிம்புபோல உயிரோடு உடன்தோன்றியது ஆணவம் என்பார்கள். குழாயின் சுண்ணப் படிவு உடன்தோன்றியதன்று, இயங்க இயங்க ஏறுவது, ஆகவே அது கன்மத்தையே ஒக்கும். இயங்காமல் இருக்கவும் முடியாது, இயங்கினால் படியாமல் இருக்கவும் முடியாது. ஆதலால் கழுவுதலும் வாழ்வின் ஓயாத நியமமாகவே இருந்தாக வேண்டும்.

அந்த நியமத்தை இந்நாட்டில் தம் உடம்பால் நோற்றவர்கள் பெரும்பாலும் நம்மவரே. 1915-இல் ரயில் பாதை அலோர்ஸ்டார் வரை எட்டியபின், இரவோடிரவாக இஞ்சின்களின் தீக்குழல்களைத் தேய்த்துக் கரி உண்டவர்களில் தமிழர் மிகப் பலர். உமியை எரித்து ஓடிய நெல் ஆலைகளிலும், பின்னர் ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்தபோது வந்த எண்ணெய் ஆலைகளிலும், குளிர்ந்தும் குளிராத டிரம்முக்குள் மேன்ஹோல் வழியே உடலைக் குறுக்கிக்கொண்டு நுழைந்து, கைவிளக்கின் ஒளியில் குழாயின் வாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, கம்பி பிரஷ்ஷை உள்ளே தள்ளி இழுத்து, மூக்கிலும் கண்ணிலும் சாம்பலோடு வெளியே வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களில் எவரும் தாம் ஸ்திதித் தொழிலைச் செய்வதாகச் சொல்லிக்கொண்டதில்லை. ஆலை ஓடிக்கொண்டிருந்தால் அவர்களை எவரும் நினைப்பதில்லை, நின்றுபோனால்தான் கேட்பார்கள். படைத்தவன் பெயர் காப்புரிமை ஏட்டில் ஏறுகிறது. காத்தவன் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் நிற்கிறது. இந்த ஏற்றத்தாழ்வைச் சட்டம் சரிசெய்யாது. சமயம் சரிசெய்யலாம், அதற்கான நாளும் சடங்கும் ஏற்கெனவே நம்மிடம் இருக்கின்றன.

ஆலைகளை நடத்துவோருக்கும், அங்கே பூஜையை முன்னின்று நடத்தும் பெரியவர்களுக்கும், கோயில் நிர்வாகத்தாருக்கும் என் விண்ணப்பம் இதுவே. ஆயுத பூஜைக்கு முந்தி ஒரு முழு நாளையாவது, கூடுமானால் இரண்டு நாட்களையும், கொதிகலனுக்குக் கொடுங்கள்; வெளித்தகட்டைத் துடைத்துச் சந்தனம் வைப்பதோடு நில்லாமல், அதைத் திறந்து, உள்ளே இறங்கி, குழாய்களைப் பார்த்து, படிவை எடுத்து, கசிவை இறுக்கி, செய்த வேலையைப் பதிவேட்டில் எழுதி, அந்தப் பதிவேட்டையும் பூஜைத் தட்டின் அருகே வையுங்கள். முதல் ஆரத்தியை யந்திரத்துக்குக் காட்டுங்கள். முதல் பிரசாதத்தை அதற்குள் இறங்கிச் சுத்தம் செய்தவர் கையில் கொடுங்கள். நாள் இல்லை, உற்பத்தி நிற்கும் என்று எவரேனும் சொன்னால், அவ்வாண்டு அந்தக் கொதிகலனுக்குக் கற்பூரம் காட்ட வேண்டாம்.